யாவர்க்குமான விளக்கப்படம்

நுழையும்முன்

மழையளவு, விலைவாசி, தேர்தல் முடிவு, மக்கள்தொகை என நாள்தோறும் எண்கள் நம்மை வந்தடைந்த வண்ணம் உள்ளன. நீண்ட பட்டியலாகத் தரும்போது மனத்தில் தங்காத எண்கள், படமாக வரைந்ததும் விரைவில் விளங்கிவிடுகின்றன. ஆயினும், வரைந்த படமெல்லாம் விளக்கும் படமாகிவிடுவதில்லை. சில படங்கள் உண்மையை மறைக்கின்றன. சில, சிறியதைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. வேறு சில, பார்ப்போருள் ஒரு பகுதியினரை வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன. இத்தகைய படங்களை எவ்வாறு திருத்தி வரைவது, ஏன் திருத்த வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

எண் படமான வரலாறு

தரவுகளைப் படமாக வரையும் வழக்கம் மிகப் பழைமையானதன்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், நாடுகளுக்கிடையேயான வணிகக் கணக்குகளைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து காட்டினார். இன்று நாம் கணக்குப் பாடத்தில் வரையும் கோட்டு வரைபடத்திற்கும் பட்டை விளக்கப்படத்திற்கும் அந்நூலே தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1801இல் வெளியான அவருடைய மற்றொரு நூலில் வட்ட விளக்கப்படமும் இடம்பெற்றது.

படத்தின் ஆற்றலைப் பொதுநலனுக்குப் பயன்படுத்தியவர்களுள் முதன்மையானவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். கிரீமியப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் செவிலியராகப் பணியாற்றிய அவர், போர்க்களக் காயங்களால் இறந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே மிகுதி என்பதைக் கணக்குகளால் உணர்ந்தார். பக்கம் பக்கமாக நீளும் எண்பட்டியலை ஆட்சியாளர்கள் பொறுமையுடன் படிப்பார்கள் என்று அவர் நம்பவில்லை. எனவே, வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்குரிய பன்னிரண்டு கூறுகளாகப் பிரித்து, தடுக்கக்கூடிய நோய்களை நீலத்திலும் காயங்களைச் சிவப்பிலும் பிற காரணங்களைக் கறுப்பிலும் காட்டும் படத்தை 1858இல் வெளியிட்டார். படத்தில் நீலமே பரந்து விரிந்திருந்தது.

இப்படத்திற்கு ஒரு முன்வடிவம் உண்டு. நைட்டிங்கேல் முதலில் வரைந்த வடிவில், மையத்திலிருந்து விலகும் தொலைவே இறப்பு வீதத்தைக் குறித்தது. படத்தைப் பார்ப்பவரின் கண்ணோ நிறம் நிரப்பிய பரப்பையே அளக்கிறது. தொலைவு இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். இறப்பு இரு மடங்கான மாதம், நான்கு மடங்கானதுபோல் தோன்றும். இந்த மிகை அவருடைய வாதத்திற்கு வலுச் சேர்க்கக்கூடியதே. ஆயினும், அவர் அதனை அப்படியே விட்டுவிடவில்லை. ஒவ்வொரு கூறின் பரப்பும் இறப்புக்கு நேர்விகிதத்தில் அமையுமாறு படத்தை மாற்றி வரைந்தார். தமக்குச் சாதகமான பிழையையும் திருத்தும் நேர்மையே விளக்கப்படக் கலையின் முதற்பண்பு.

ஒரே தரவு, இரு படங்கள்

1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலிருந்து ஏவப்பட்ட சேலஞ்சர் விண்வெளி ஓடம் 73 வினாடிகளில் சிதைந்தது. பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் உள்ளிட்ட எழுவரும் உயிரிழந்தனர். ஓடத்தை உயர்த்திச் சென்ற திண்ம எரிபொருள் உந்துபொறி, பல பகுதிகளை இணைத்து உருவாக்கப்பட்டது. இணைப்புகளின் வழியே சூடான வளிமம் கசியாமல் தடுக்க ரப்பர் வளையங்கள் பொருத்தப்பட்டிருந்தன. குளிரில் அவ்வளையங்கள் நெகிழ்வை இழந்தமையால் வளிமம் கசிந்தது, விபத்து நேர்ந்தது.

இந்த ஆபத்தை முன்னரே உணர்ந்தவர்கள் இருந்தனர். ஏவுதலுக்கு முந்தைய இரவு, உந்துபொறியைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள், வெப்பநிலை 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் (ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸ்) குறைவாக இருக்கையில் ஓடத்தை ஏவ வேண்டாம் என்று வாதிட்டனர். தம் வாதத்திற்குத் துணையாக 13 தாள்களைத் தொலைநகலில் அனுப்பினர். அத்தாள்களில் வளையங்களின் சேதம் பற்றிய செய்திகள் இருந்தன. வெப்பநிலை பற்றிய செய்திகளும் இருந்தன. இரண்டையும் ஒருங்கே வைத்து, குளிர் கூடக் கூடச் சேதமும் கூடுகிறது என்று காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. 53 டிகிரியில் ஏவிய ஓடத்தில் சேதம் இருந்தது போலவே, 75 டிகிரியில் ஏவிய ஓடத்திலும் சேதம் இருந்ததே என்ற எதிர்வாதம் எழுந்தது. முடிவில், நிறுவனத்தின் மேலாளர்கள் பொறியாளர்களின் பரிந்துரையை மாற்றி, ஏவுதலுக்கு இசைவளித்தனர்.

விபத்தை விசாரித்த ஆணையம் தன் அறிக்கையில் இரு படங்களை வெளியிட்டது. முதற்படத்தில், வளையங்கள் சேதமுற்ற ஏழு பயணங்கள் மட்டும் வெப்பநிலைக்கேற்பப் புள்ளிகளாக இடப்பட்டிருந்தன. புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. அவற்றிலிருந்து எந்த முடிவுக்கும் வர இயலவில்லை. இரண்டாம் படத்தில், சேதமே இல்லாத பயணங்களும் சேர்க்கப்பட்டன. உடனே உண்மை துலங்கியது. 65 டிகிரிக்கும் குறைவான வெப்பநிலையில் நடைபெற்ற பயணங்கள் நான்கு. அந்நான்கிலும் சேதம் இருந்தது. அதற்கு மேற்பட்ட வெப்பநிலையில் நடைபெற்ற ஏறத்தாழ இருபது பயணங்களில், மூன்றில் மட்டுமே சேதம் இருந்தது. சேலஞ்சர் ஏவப்பட்ட வேளையில் நிலவிய வெப்பநிலையோ 36 டிகிரி ஃபாரன்ஹீட். அதாவது, ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ்.

தரவுக் காட்சிப்படுத்தல் துறை அறிஞர் எட்வர்டு டஃப்டி 1997இல் எழுதிய நூலில் இந்நிகழ்வை விரிவாக ஆராய்ந்து, தக்க படம் இருந்திருந்தால் ஏவுதல் நின்றிருக்கும் என்று கருதினார். எச்சரித்த பொறியாளர்களுள் ஒருவரும் சேர்ந்து எழுதிய மறுப்பு, அக்கருத்தை ஏற்கவில்லை. எச்சரிக்கையைக் கேட்டும் புறந்தள்ளியவர்களின் பொறுப்பை அது நினைவூட்டியது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. கேட்க மனமில்லாதவரை எந்தப் படமும் கேட்க வைத்துவிடாது. ஆனால், ஐயத்துடன் இருப்பவருக்கு வழிகாட்டத் தெளிவான படம் வேண்டும். நிகழ்ந்தவற்றை மட்டும் வரைந்து, நிகழாதவற்றை விட்டுவிட்டால் ஒப்பீடே இல்லாமற்போகிறது என்பதும் இதனால் நாம் அறியும் பாடமாகும்.

கண் அளக்கும் முறை

ஒரு படம் தெளிவாக இருப்பதும் குழப்புவதும் வரைபவரின் விருப்பத்தை மட்டும் பொறுத்தவை அல்ல. மனிதக் கண் சிலவற்றைத் துல்லியமாக ஒப்பிடுகிறது; சிலவற்றில் தடுமாறுகிறது. வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்னும் புள்ளியியல் அறிஞர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதனைகளால் விளக்கியது. பொதுவான ஓர் அச்சில் புள்ளிகள் நிற்கும் இடத்தை நாம் மிக நன்றாக ஒப்பிடுகிறோம். அடுத்த நிலையில் நீளத்தையும், அதற்கும் அடுத்துக் கோணத்தையும் ஒப்பிடுகிறோம். பரப்பு, பருமன், நிறச்செறிவு ஆகியவற்றில் நம் மதிப்பீடு மேலும் தளர்கிறது.

இதனால் விளையும் பயன் நேரடியானது. வட்ட விளக்கப்படத்தில் 24 விழுக்காட்டுக் கூறையும் 27 விழுக்காட்டுக் கூறையும் அருகருகே கண்டால் எது பெரிது என்று தயங்குகிறோம். அவ்விரு எண்களையும் ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளாக மாற்றினால் தயக்கம் நீங்குகிறது. அப்பட்டைகளுக்கு அழகுக்காகக் கனவுரு அளித்து, பக்கங்களையும் நிழலையும் சேர்த்தால், தீர்ந்த தயக்கம் மீண்டும் தோன்றுகிறது.

அச்சு எங்கே தொடங்குகிறது என்பதும் கருதத்தக்கது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் எழுத்தறிவு 2001இல் 73.45 விழுக்காடு, 2011இல் 80.09 விழுக்காடு. இவ்விரண்டையும் பட்டைகளாக வரையும்போது செங்குத்து அச்சை 70இல் தொடங்கினால், முதற்பட்டை 3.45 அலகும் இரண்டாம் பட்டை 10.09 அலகும் உயர்ந்து நிற்கும். எழுத்தறிவு ஏறத்தாழ மூன்று மடங்கானதாகப் பார்ப்பவர் எண்ணுவார். எண்களில் பொய் இல்லை; ஆயினும் படம் பொய்யுரைக்கிறது. பட்டை தன் நீளத்தால் பேசுவது. எனவே, அதன் அச்சு சுழியத்தில் தொடங்குவதே முறை. கோட்டு வரைபடம் ஏற்ற இறக்கத்தைச் சாய்வால் காட்டுவதால், அதற்கு இக்கட்டுப்பாடு அத்துணைக் கடுமையானதன்று. அச்சின் தொடக்கத்தைத் தெளிவாகக் குறித்தல் போதும்.

திருத்தி வரைதல், சில வேளைகளில் புதிய வினாவையும் எழுப்பும். மேற்கூறிய எழுத்தறிவை ஆண், பெண் எனப் பிரித்துப் பார்ப்போம். 2001இல் ஆண்களின் எழுத்தறிவு 82.42 விழுக்காடு, பெண்களின் எழுத்தறிவு 64.43 விழுக்காடு. 2011இல் அவை முறையே 86.77, 73.44 ஆயின. இடப்பக்கம் 2001, வலப்பக்கம் 2011 எனக் கொண்டு, இரு கோடுகளை மட்டும் வரைந்தால், இரண்டும் உயர்வதையும் பெண்களின் கோடு செங்குத்தாக ஏறி ஆண்களின் கோட்டை நெருங்குவதையும் காணலாம். ஏறத்தாழ 18 புள்ளிகளாக இருந்த இடைவெளி 13 புள்ளிகளாகக் குறைந்துள்ளது, இன்னும் மறையவில்லை. மொத்த விழுக்காட்டை மட்டும் காட்டிய பட்டைகள் இச்செய்தியைச் சொல்லவே இல்லை.

வரிசை மாறினாலும் பொருள் மாறும். கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில், 2020ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொதுநலத் துறை வெளியிட்ட பட்டை விளக்கப்படம் ஒன்றில் நாள்கள் காலவரிசையில் அமையவில்லை. தொற்று எண்ணிக்கை இறங்குமுகமாகத் தோன்றும் வகையில் நாள்கள் இடம்மாறி நின்றன. கண்டனம் எழுந்தபின் அப்படம் திருத்தப்பட்டது. காலத்தைக் காட்டும் அச்சு காலத்தின் வரிசையிலேயே செல்லும் என்று பார்ப்பவர் நம்புகிறார். அந்நம்பிக்கையைக் காப்பது வரைபவரின் கடமை.

> தெரிந்து தெளிவோம்
>
> அணுக்கொள்கையால் புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஜான் டால்டன், தமக்கும் தம் உடன்பிறந்தவருக்கும் நிறங்கள் பிறருக்குத் தோன்றுவதுபோல் தோன்றவில்லை என்பதை உணர்ந்து, 1794இல் அதுபற்றி ஆய்வுரை வழங்கினார். நிறக்குறைபாட்டுக்கு ‘டால்டனிசம்’ என்னும் பெயர் அவரால் ஏற்பட்டது. அவர் விருப்பப்படி பாதுகாக்கப்பட்ட கண்ணின் திசு, 1995இல் மரபணு ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டு, அவருக்கிருந்த குறைபாடு உறுதிசெய்யப்பட்டது.

நிறம் மட்டும் போதுமா?

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாமையே நிறக்குறைபாடுகளுள் மிகப் பரவலானது. இதற்குரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அமைந்திருப்பதால், இக்குறைபாடு பெண்களைவிட ஆண்களிடமே மிகுதி. ஐரோப்பிய வழித்தோன்றல்களான ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கும், பெண்களில் ஏறத்தாழ 200இல் ஒருவருக்கும் இது உண்டு. இவ்வளவு இனத்துக்கு இனம் வேறுபடும். ஆயினும், எந்த வகுப்பறையிலும் எந்த ஊரிலும் இத்தகையோர் நம்முடன் இருக்கக்கூடும். பலர் தமக்கு இக்குறை இருப்பதையே அறியாமல் வாழ்கின்றனர்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிறங்களில் மாவட்டவாரியாக எச்சரிக்கை விடுக்கிறது. பச்சை எனில் எச்சரிக்கை ஏதுமில்லை. மஞ்சள் எனில் நிலைமையைக் கவனித்துவர வேண்டும். ஆரஞ்சு எனில் ஆயத்தமாக இருக்க வேண்டும். சிவப்பு எனில் உடனே செயற்பட வேண்டும். இந்நான்கு நிறங்களால் மட்டும் தீட்டிய வரைபடத்தைச் சிவப்பு – பச்சைக் குறைபாடு உள்ள ஒருவர் காண்கிறார் என்று கொள்வோம். உடனே செயற்பட வேண்டிய மாவட்டமும் அச்சமின்றி இருக்கக்கூடிய மாவட்டமும் அவர் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் தோன்றலாம். அதே வரைபடத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால், குறைபாடு இல்லாதவருக்கும் இதே நிலைதான். மாவட்டத்தின் பெயரோடு எச்சரிக்கையின் பெயரையும் அவ்விடத்திலேயே எழுதிவிட்டால் சிக்கல் தீர்கிறது. நிறம் விரைவாக உணர்த்துகிறது. சொல் ஐயமற உறுதிசெய்கிறது. இரண்டும் சேர்ந்திருப்பதே பாதுகாப்பு.

வலைத்தளங்களுக்கான பன்னாட்டு அணுகல் நெறிகளும் இதனையே வலியுறுத்துகின்றன. செய்தியை உணர்த்த நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. படத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான கோடு, பட்டை ஆகியவற்றுக்கும் அவற்றை அடுத்துள்ள நிறத்துக்கும் இடையே ஒளிர்வு மாறுபாடு மூன்றுக்கு ஒன்று என்ற அளவிலேனும் இருக்க வேண்டும் என்பது 2018இல் வெளியான பதிப்பில் சேர்க்கப்பட்ட நெறி. வெண்தாளில் இளமஞ்சள் கோடு ஏன் உதவாது என்பதை இந்நெறி விளக்குகிறது.

நம் பள்ளிகளில் இதற்கு எளிய சான்று உண்டு. ஆறு நிறங்களில் கணினியில் வரைந்த வட்ட விளக்கப்படம் நகலெடுக்கப்பட்டு மாணவர் கைக்கு வரும்போது ஆறு சாம்பல் கூறுகளாகிவிடுகிறது. ஓரத்தில் தந்த நிறக்குறிப்பும் சாம்பலாகிவிட, எக்கூறு எதனைக் குறிக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியுள்ளது. கூறின் மீதே பெயரை எழுதுதல், ஒரு கோட்டைத் தொடர்கோடாகவும் மற்றொன்றைப் புள்ளிக்கோடாகவும் வரைதல், சிவப்பு – பச்சை இணைக்கு மாற்றாக நீலம் – ஆரஞ்சு இணையைப் பயன்படுத்துதல், ஒரு நிறத்தை அடர்த்தியாகவும் மற்றொன்றை வெளிர்வாகவும் அமைத்தல் என்பன செலவில்லாத திருத்தங்கள். இவை நிறக்குறைபாடு உடையவருக்கு மட்டுமன்றி, முதியோருக்கும், வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்ப்பவருக்கும் பயன் தருகின்றன.

செவியாலும் விரலாலும் அறிதல்

பார்வையற்றோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் கணினியையும் கைப்பேசியையும் பயன்படுத்துகின்றனர். அம்மென்பொருள் எழுத்தைப் படித்துக் காட்டும். படத்துடன் விளக்கவுரை இல்லையெனில், ‘படம்’ என்று மட்டும் கூறி அடுத்த வரிக்குச் சென்றுவிடும். எனவே, ஒவ்வொரு விளக்கப்படத்துக்கும் சொற்களாலான விளக்கம் இன்றியமையாதது.

‘தமிழ்நாட்டின் எழுத்தறிவைக் காட்டும் படம்’ என்பது பெயரளவிலான விளக்கம். கேட்பவர் அதனால் எதனையும் அறியார். ‘தமிழ்நாட்டில் ஆண், பெண் எழுத்தறிவை 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் ஒப்பிடும் கோட்டு வரைபடம். ஆண்களின் எழுத்தறிவு 82.42 விழுக்காட்டிலிருந்து 86.77 ஆகவும், பெண்களின் எழுத்தறிவு 64.43 விழுக்காட்டிலிருந்து 73.44 ஆகவும் உயர்ந்துள்ளது. இடைவெளி ஏறத்தாழ 18 புள்ளிகளிலிருந்து 13 புள்ளிகளாகக் குறைந்துள்ளது’ என்பதே நிறைவான விளக்கம். படத்தின் வகை, அது ஒப்பிடும் பொருள், முதன்மையான எண்கள், அவற்றால் பெறப்படும் கருத்து ஆகிய நான்கும் இதில் உள்ளன. எண்கள் மிகுதியாக இருப்பின், அவற்றை அட்டவணையாகவும் உடன் தருதல் நலம்.

விரலால் தடவி அறியும் மேடுற்ற படங்களும் உண்டு. இவற்றை உருவாக்கும்போது, அச்சிட்ட படத்தை அப்படியே மேடாக்கினால் பயனில்லை. கண் ஒரே வேளையில் முழுப்படத்தையும் காண்கிறது. விரலோ சிறிது சிறிதாக நகர்ந்தே அறிகிறது. நெருக்கமான கோடுகள் விரலுக்கு ஒன்றாகவே தோன்றும். ஆதலால், பின்னணிக் கட்டங்களையும் அணிகளையும் நீக்கி, இன்றியமையாத கோடுகளை மட்டும் போதிய இடைவெளியுடன் அமைத்து, பிரெயில் எழுத்தில் பெயரிட வேண்டும். இவ்வாறு விரலுக்காகத் தேவையற்றவற்றை நீக்குபவர், கண்ணுக்குரிய படத்திலும் எவையெவை தேவையற்றவை என்பதைக் கற்றுக்கொள்கிறார்.

இஃது இரக்கத்தால் செய்யும் உதவி என்று கருதலாகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வெளியாகும் செய்திகள் மாற்றுத்திறனாளிகளும் அணுகத்தக்க வடிவில் இருப்பதை உறுதிசெய்ய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. செய்தியை அறிதல் அவர்களின் உரிமை.

திருத்தி வரைவதற்கான வினாக்கள்

ஒரு விளக்கப்படத்தைத் திருத்த முற்படுபவர், வண்ணத்தையும் வடிவத்தையும் மாற்றுவதற்கு முன் பின்வரும் வினாக்களை எழுப்பிக்கொள்ள வேண்டும்.

1. இப்படம் எந்த வினாவுக்கு விடை தருகிறது? அவ்விடையைத் தலைப்பிலேயே சொல்லியிருக்கிறதா?
2. ஒப்பிட வேண்டியவை அருகருகே, ஒரே அச்சில் உள்ளனவா?
3. விடுபட்ட தரவு ஏதேனும் உண்டா? அதனைச் சேர்த்தால் முடிவு மாறுமா?
4. அச்சின் தொடக்கம், அலகு, வரிசை ஆகியன நேர்மையாக அமைந்துள்ளனவா?
5. நிறத்தை நீக்கிவிட்டாலும் படம் புரிகிறதா?
6. படத்தைக் காண இயலாத ஒருவருக்கு இதே செய்தி சென்றடைய வழி உண்டா?

இவ்வினாக்களுக்கு விடை காண உயர்ந்த மென்பொருள் தேவையில்லை. கட்டத்தாளும் எழுதுகோலும் போதும். வரைந்தபின், அத்தரவைப் பற்றி ஏதும் அறியாத ஒருவரிடம் படத்தைக் காட்டி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று கேட்டறிவது மிகச் சிறந்த சோதனை. அவர் தவறாகப் புரிந்துகொண்டால் திருத்த வேண்டியது படத்தையே.

எண்களைத் திரட்டுவோர் சிலர், படமாக்குவோர் சிலர், அப்படத்தை நம்பி முடிவெடுப்போர் பலர். கடலுக்குச் செல்வதா, கரையில் இருப்பதா என்று எண்ணும் மீனவரும், ஊரின் நிலையை அறிய விரும்பும் குடிமக்களும் அப்பலருள் அடங்குவர். அவர்களுள் எவரையும் விட்டுவிடாத படத்தை வரைய முயல்வது, கலைத்திறனோடு அறவுணர்வும் சார்ந்த செயலாகும்.

கற்பவை கற்றபின்...

1. நாளிதழில் வெளியான விளக்கப்படம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்து, எச்செய்திகள் மறைந்தன என்பதைப் பட்டியலிடுக. அப்படத்தைத் திருத்தி வரைக.
2. உங்கள் வகுப்பு மாணவர்கள் பள்ளிக்கு வரும் முறைகளைக் (நடை, மிதிவண்டி, பேருந்து, பிற) கணக்கெடுத்து, வட்ட விளக்கப்படமாகவும் பட்டை விளக்கப்படமாகவும் வரைந்து, எது எளிதில் விளங்குகிறது என வகுப்பில் கலந்துரையாடுக.
3. உங்கள் பாடநூல்களில் உள்ள விளக்கப்படம் ஒன்றைப் பார்வையற்ற நண்பர் ஒருவர் முழுமையாக அறிந்துகொள்ளும் வகையில் ஐந்து தொடர்களில் விளக்கி எழுதுக.
4. ‘எண்கள் பொய் சொல்வதில்லை, ஆனால், படங்கள் பொய் சொல்லக்கூடும்’ – என்னும் பொருளில் இருவர் உரையாடுவதாக உரையாடல் ஒன்று எழுதுக.